டிராக்டர் கொதித்ததும் சம்பந்தி வந்ததும்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், டிராக்டர் மட்டும் சுகமில்லாமல் படுத்துக்கிடந்தது, அதுவும் இப்போது எழுந்துவிட்டது. அங்கே நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கிற காலத்தில் அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறாள், உன் தங்கச்சி மருந்துக்கடை வேலை முடிந்து வந்த அலுப்போடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறாள், நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ "உடம்பு எப்படிப்பா இருக்கு, மாத்திரை போட்டீங்களா, சரி அம்மாகிட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். கொடுப்பதற்கு என்ன இருக்கிறது, போன் மேஜையில்தானே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். இது உனக்கு மட்டும். மருமகள் கேட்டால் அப்பா டிராக்டரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல், அது பொய்யும் இல்லை.

வீட்டுச் சேதி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா என்ன எழுதினீர்கள் என்று கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் நடக்கச் சொன்ன டாக்டரிடம் நடப்பதாகச் சொல்லிவிட்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையில்தான் நடக்கிறாள். பின்பக்கச் சுவரில் விரிசல் விட்டிருந்ததே, அதைப் பூசிவிட்டோம், பூசியவர் பூசின இடம் தனியாகத் தெரியும்படி பூசிவிட்டுப் போயிருக்கிறார். தங்கச்சியைக் கடையில் இப்போது கல்லாவிலிருந்து மாற்றி மருந்து எடுத்துக்கொடுக்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், டாக்டர்களின் கையெழுத்தையெல்லாம் படித்துவிடுகிறாள், என் கையெழுத்துதான் புரியவில்லை என்கிறாள். நீயும் பொறுமையாகப் படி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தடவை மழை சீக்கிரம் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அதற்குள் மேட்டு நிலம் முழுவதையும் உழுது போட்டுவிட்டால் சோளம் விதைக்கலாம் என்று கலப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நீ போன பிறகு வண்டிக்கு இழுவை வேலைதான், டிரெய்லரில் எருவும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போய்வரும், அப்போதெல்லாம் ஒரு குறையும் சொல்லவில்லை. கலப்பை மண்ணில் இறங்கியதும்தான் வேலையைக் காட்டிவிட்டது. நாலைந்து சால் போவதற்குள் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிச் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது, பானெட் இடுக்கிலிருந்து ஆவி புசுபுசுவென்று வந்தது. உடனே கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினேன், ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டோடு மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகு திறந்து பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினேன். ரேடியேட்டர் சல்லடையில் பதரும் தூசியும் அடைத்திருந்தது, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி கொதித்தது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்குமோ என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் இழுத்து முறுக்கினேன். அதற்கும் கொதித்தது. சரி, யோசித்துச் செய்வோம், நம் வண்டிதானே, எனக்குத் தெரியாததா என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தேன். இதை உன் அம்மா அன்றைக்கே உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நேராக உன் மாமனாருக்குப் போன் போட்டாய்.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் தோல் பையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். "மாப்பிள்ளை சொன்னாரு, உடனே கிளம்பி வந்துட்டேன் சம்பந்தி, ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு என்ன கவலை, என் வண்டி, என் நிலம். வாங்க வாங்க என்றுதான் சொன்னேன், சொல்லும்போதே வயிறு எரிந்தது. உன்னிடம் மறைப்பானேன், பொறாமைதான், அதற்கு நல்ல பேர் வேறு கிடையாது. அவர் பஸ் டெப்போவில் காலமெல்லாம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர், அது எனக்கும் தெரியும், மதிக்கிறேன். ஆனால் அந்தப் பையைத் திறந்து, ஒவ்வொரு ஸ்பேனரும் துணியில் தைத்த தனித்தனி உறையில் தூங்குவதைக் காட்டி, கடைசியில் நெற்றியில் கட்டுகிற டார்ச் ஒன்றை எடுத்து, பட்டப்பகலில் தலையில் மாட்டிக்கொண்டு, "இது மாப்பிள்ளை அனுப்பிச்சது" என்று சொன்னார் பார். எனக்கு நீ அனுப்பியது இரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின். அவருக்கு டார்ச், எனக்கு மிஷின். அன்றைக்கு அதைக் கையில் கட்டிப் பார்த்திருந்தால் அந்த எண்ணைப் பார்த்து அம்மா அழுதிருப்பாள்.

அதோடு விட்டதா? சாப்பிட உட்கார்ந்தால் உன் பேச்சு. நீ டீயில் சர்க்கரையை விட்டுவிட்டாயாம், காலை ஷிப்டுக்கு மாறிவிட்டாயாம், முதுகு வலிக்கு ஏதோ பலகை போட்டுப் படுக்கிறாயாம், நீச்சல் கற்றுக்கொள்கிறாயாம். நீச்சலா! கால் நனைகிற வாய்க்காலைத் தாண்ட நீ என் தோளைக் கேட்ட பிள்ளை. இதையெல்லாம் நான் அவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. தெரியும் தெரியும் என்று தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்து "காதுல புகை வருது, தண்ணி குடிங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு எப்போதும் கிண்டல்தான். சம்பந்திக்கு மட்டும் முட்டை இன்னொன்று பொரித்துப் போட்டாள், கேட்டால் அவர் வேலை செய்ய வந்தவர் என்கிறாள். நான் என்ன, வேடிக்கை பார்க்கவா இந்த வீட்டில் இருக்கிறேன்?

நீ பெயிண்ட் அடித்துவிட்டுப் போனாயே, அதைப் பார்த்து அவர் சொக்கிப்போய்விட்டார். போன லீவில் நான் கண் ஆபரேஷன் செய்துகொண்ட உன் அத்தைக்குத் துணையாகப் போயிருந்த சமயம் நீ தனியாகவே வண்டியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பானெட்டுக்குச் சிவப்பும் கிரில்லுக்கு வெள்ளியும் ஃபேனுக்கு மஞ்சளும் அடித்து, நான் திரும்பி வந்தபோது புது வண்டியாக வாசலில் நிறுத்தி வைத்திருந்தாய். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சமாளித்தேன். அதை உன் மாமனார் போட்டோவில் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாராம். "கம்பெனிலேருந்து இறங்கின மாதிரில்ல இருக்கு, மாப்பிள்ளை கை வச்சா அந்த சுத்தமே தனி, ஒரு நட்டு அவர் கையில தப்பாப் போகாது" என்று பானெட்டைத் தடவித் தடவிச் சொன்னார். டெப்போவில் இருந்தவர்களிடமெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறார், என் மருமகன் என்று. என் மகன் என்று காட்ட நானும் நாலு பேரைத் தேடிப் பிடித்தேன்தான், ஆனால் அவரிடம் போட்டோ இருக்கிறது, என்னிடம் வண்டிதான் இருக்கிறது.

வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டார். எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழி திறந்துவிடுகிற சின்ன வால்வு அது, மூடியபடியே மாட்டிக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. அதைக் கழற்றி அடுப்பில் வெந்நீருக்குள் போட்டு, சூடு ஏற ஏறத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். உன் அம்மா பால் காய்ச்சுகிற பாத்திரத்தையே எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு தடவை எண்ணெய்க் கையோடு சமையலறையில் தண்ணீர் மொண்டதற்கு எத்தனை பேச்சு பேசினாள் என்று நீ மறந்திருக்க மாட்டாய். அவர்கள் இருவரும் அடுப்படியில் குனிந்து நின்று, அது மெல்லத் திறந்ததைப் பார்த்து, குழந்தை கண் திறந்த மாதிரி சந்தோஷப்பட்டார்கள். வால்வு நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம், அதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று புது மூடி வாங்கிப் போட்டார். கீழ் ஹோஸை அமுக்கிப் பார்த்து, ஓடும்போது உள்ளே ஒட்டிக்கொள்கிறதா என்று என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை. பிறகு துணி துவைக்கிற சோடாவைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கீழ்க் குழாயைத் திறந்தார் பார், செம்மண் குழம்பாக ஊற்றியது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர் கைதட்டினார், அம்மா கைதட்டினாள், தங்கச்சி போனில் படம் எடுத்தாள். "பாத்தீங்களா சம்பந்தி, இவ்வளவு அழுக்கை வயித்துல வச்சுக்கிட்டு எப்படி ஓடும்" என்று அவர் நெற்றி டார்ச்சோடு என் பக்கம் திரும்பினார், வெளிச்சம் நேராக என் கண்ணில். நான் அந்த ரேடியேட்டரை வருஷா வருஷம் கழுவுகிறவன். கழுவியும் உள்ளே இவ்வளவு இருந்ததே என்று எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மறுநாள் வண்டியை அவரே ஓட்டினார். நான் வரப்பில் நின்றேன். முதல் சால் நேராகப் போனது, இரண்டாவதும் போனது, முள் அசையவில்லை. அவர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு நிலத்தின் மேட்டுப் பக்கம் ஏறும்போது புசுபுசுவென்று ஆவி கிளம்பியது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். என் நிலத்தில், என் வண்டி கொதிக்கிறது, மழை தலைக்கு மேல் நிற்கிறது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நல்லா கொதி என்று மனசுக்குள் சொன்னேன். அவர் இறங்கி வந்த முகத்தைப் பார்க்க எனக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. பொறாமை பிடித்தவனுக்குப் புத்தி எந்த மூலையில் இருக்கும் என்று பார்த்துக்கொள்.

அந்தக் குளிர்ச்சி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவர் வரப்பிலேயே உட்கார்ந்து உனக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்தான், எல்லோருக்கும் ஸ்பீக்கர் ஒரு வியாதியாகிவிட்டது. நீ உடனே எடுத்தாய், வேலை நேரத்தில். எனக்கு எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ்தான் வரும். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்ப்பதென்றால் இந்தப் பழைய வண்டிக்குத் தகாது, டெப்போ பக்கம் ஒருத்தர் பழைய டிராக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருமே, ஒரு குமிழிகூட வரவில்லையே என்று நான் சொன்னேன், யார் காதில் விழுந்தது? நீ சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்பா, வித்துடலாம், நீங்களும் இனிமே கஷ்டப்பட வேணாம்" என்றாய். தம்பி, நீ நல்ல மனசோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டியை எடுத்துவிட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? உழுகிற வேலையைக் கூலிக்கு விட்டுவிட்டு வரப்பில் குடை பிடித்து நிற்கிறவனாக என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, என் வண்டியைப் பற்றி என் மகன் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை என்று ஆகிவிட்டதே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருப்பாள், அஜீரணம் என்று சொல்லியிருப்பாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண் அசந்தார். நான் சும்மா இருக்க மாட்டாமல் வண்டிக்குப் போய் எஞ்சினை ஓட விட்டேன். வெயில் சுட்டது, கழுத்தைத் துடைத்துக்கொண்டு துண்டை முன் கிரில்லில் போட்டேன். உழும்போது வண்டி திரும்புகிற இடத்தில் நான் ஒரு நிமிஷம் நின்று தண்ணீர் குடிப்பேன், அப்போதெல்லாம் வியர்வைத் துண்டை அங்கேதான் போடுவது என் பழக்கம், ஃபேன் உள்ளே இழுக்கிற காற்றில் துண்டு கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நொடியில் காய்ந்துவிடும். இந்தப் பழக்கத்துக்காக உன் அம்மா என் துண்டுகளைத் தனியாகத் துவைக்கிறாள். அன்றைக்குத் துண்டைப் போட்டேன், அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி போட்டேன், கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி விழுந்தது. பெல்ட் முறுக்கமாக இருக்கிறது, ஃபேன் சர்ரென்று சுற்றுகிறது, ஆனால் காற்றில் இழுக்கிற வேகம் இல்லை. எஞ்சினை நிறுத்தி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஃபேன் தகட்டில் உள்வாங்கின பக்கம், கரண்டிக் குழி மாதிரி இருக்குமே, அது எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்போதுதான் காற்றை வாரிப் பின்னால் தள்ளும். அது ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஃபேனை யாரோ முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அப்படி மாட்டினாலும் காற்று வரும், ஆனால் ஒப்புக்கு வரும், டிரெய்லர் இழுக்கிற வேலைக்கு அது போதும், உழவுக்குப் போதாது.

யாரோ என்று எழுதினேன், யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் அப்படியே முத்திரை வைத்த மாதிரி மூடியிருந்தது, ஸ்பேனர் வைத்துத் திருப்பியதும்தான் முதல் தடவையாகப் பொத்துக்கொண்டு உதிர்ந்தது. நீ பெயிண்ட் அடித்து மாட்டிய பிறகு யார் கையும் அதைத் தொடவில்லை. சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். நீதான் மாட்டினாய் தம்பி.

நான் கடைசி நட்டைக் கழற்றும்போது அவர் எழுந்து வந்துவிட்டார். ஃபேன் என் கையில் இருந்தது. திருப்பிப் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது, எத்தனை எஞ்சின் பார்த்த கண். "அட, இதை உல்டாவா மாட்டின புத்திசாலி யாரு சம்பந்தி" என்று சிரித்தார். பிறகு மஞ்சள் பெயிண்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "மாப்பிள்ளை பெயிண்ட் அடிக்கறப்ப இதையும் கழட்டினாரோ" என்று இழுத்தார். மகனே, அந்த நேரத்தில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம், ஒரு நட்டு தப்பாப் போகாதுன்னு சொன்னீங்களே, உங்க மாப்பிள்ளையேதான் என்று. சொல்லியிருந்தால் அந்த டார்ச், அந்தப் போட்டோ, அந்த இன்னொரு முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கவே இனித்தது. அப்போது அவர் என்னைப் பார்த்தார், எதையோ கேட்கப் பயப்படுகிறவர் மாதிரி பார்த்தார். அவர் டெப்போவில் ஆளாளுக்குக் காட்டிய போட்டோ ஞாபகம் வந்தது. அடுத்து அவர் வாயில் உன் பேர் எப்படி வரும் என்று நினைத்தேன். அந்த ஒரு சுருதி குறைந்துபோகும், அவ்வளவுதான், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தச் சுருதி குறைய என் வாய் காரணமாக இருக்கக் கூடாது என்று பட்டது. "அவன் இதைக் கழட்டவே இல்லை. பெயிண்ட் அடிச்ச அப்புறம் பெல்ட் மாத்த நான்தான் கழட்டினேன், திருப்பி மாட்டினது நான்தான்" என்றேன். நட்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், ஒட்டிக்கொண்டிருந்த பெயிண்ட் அவர் கண்ணில் படக் கூடாதே.

அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபேனை நானே சரியாக மாட்டினேன், அவர் பக்கத்தில் நின்று இந்தப் பக்கம் சம்பந்தி, இந்தப் பக்கம் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொடுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். உழுதோம், முள் நடுவில் வந்து உட்கார்ந்தது, அசையவில்லை. மேட்டு நிலம் முழுவதும் உழுது முடித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் உன் அம்மாவிடம் சொன்னார், தங்கச்சியிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பக்கத்து நிலத்துக்காரரிடம் கையால் ஃபேன் சுற்றிக் காட்டிச் சொன்னார். இப்போது நான் டீக்கடைக்குப் போனால், உட்காருகிற பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது என்று பார்த்து உட்காரச் சொல்கிறார்கள். உன் அம்மாவுக்கு நீ ஃபேனைக் கழற்றியது தெரியும், மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்ததே அவள்தானே. சாப்பாட்டில் அவர் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்தாள், என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

ஆனால் இதனால் ஒரு வினை வந்து சேர்ந்திருக்கிறது. வண்டி சரியானதும் விற்கிற பேச்சு போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை, வேறு வழியாக வந்திருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க, ஃபேனைத் திருப்பி மாட்டற அளவுக்கு மறதி வந்துடுச்சுன்னா இனிமே வண்டி ஓட்டறது ஆபத்து, நமக்கெல்லாம் வயசாகுதுல்ல, அடுத்த மாசம் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போறேன், நேர்ல பேசி முடிச்சுடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல். என் மறதி எங்கேயும் போகவில்லை, இதுவரை என்னை யாரும் கிழவனாக்கவில்லை, நான் சொன்ன இந்த ஒரு பொய் ஆக்கிவிட்டது. அதோடு, அவர் உன் வீட்டுக்கு வருகிறார் என்பதையும் நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இரண்டுதான். அவர் உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, கையைச் சுற்றிச் சுற்றி, உங்க அப்பா ஃபேனை உல்டாவா மாட்டிட்டாரு என்று கதை சொல்லும்போது நீ சிரிக்க வேண்டும். நன்றாகச் சிரி, மாட்டினது நான்தான் என்று நீ வாயைத் திறந்துவிடாதே, உனக்குப் பொய் சொல்ல வராது என்று தெரியும், அதனால் பேசாமல் சிரி, போதும். மருமகளிடமும் சொல்லாதே, அவள் அப்பாவிடம் மறைக்க அவளுக்கு மனசு வராது. இரண்டாவது, வண்டியை விற்கக் கூடாது. ஏன் என்று அவர் கேட்டால் நீயே ஒரு காரணம் கண்டுபிடி, அப்பாவுக்குப் பொழுது போக வேண்டும் என்றோ, அம்மா சம்மதிக்கவில்லை என்றோ, எதை வேண்டுமானாலும் சொல், உண்மையை மட்டும் சொல்லாதே. இதில் நீ வருத்தப்பட ஒன்றுமில்லை. முழு வண்டியையும் எனக்காகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தவன், ஒரு ஃபேன் திரும்பிப் போனதில் என்ன குறைந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவுக்குப் பொறாமை போய்விட்டது, பெரிய மனுஷராகிவிட்டார் என்று நினைக்காதே. எள்ளளவும் போகவில்லை. உன் நல்லதெல்லாம் அவருக்குத் தெரிகிறது, உன் சேதியெல்லாம் அவருக்கு முதலில் வருகிறது, அடுத்த மாசம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவும் போகிறார். எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். உன் தப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நான் அவருக்குத் தர மாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கோணாமல், நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், அம்மாவும் நானும் எப்போதும் மனசில் வேண்டிக்கொள்வது அதுதான். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. மறக்காதே, உன் மாமனார் அங்கே வரும்போது அவரை நன்றாகக் கவனித்துக்கொள், தூர தேசம் வருகிறவர், வயசானவர். ரொம்பவும் நன்றாக வேண்டாம்.

என்றும் உன் நினைவில் இருக்கும்
அப்பா